வருஷப்பிறப்புக்கு லைட் கிராஃபிட்டி வாடகைக்கு எடுத்தோம், ரோஸ் ஹில் அனுபவம் முழுசா

மொரீஷியஸ்ல இருக்கற சங்கத்துக்காரங்க, கோவில் கமிட்டிக்காரங்க நெறைய பேர் என்கிட்ட கேட்டுட்டே இருக்கீங்க, ரோஸ் ஹில் ஊர்ல எங்க சங்கத்து வருஷப்பிறப்பு விழா அன்னிக்கு செவுத்துல வெளிச்சத்தால எழுதினாங்களே அது என்ன, எவ்ளோ ஆச்சு, எங்க விழாவுக்கும் கூப்பிடலாமான்னு. ஒவ்வொருத்தருக்கா வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போட்டுட்டு இருக்கறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன். கம்பெனி பேர் போடமாட்டேன். நல்லதும் சொல்லப்போறேன், கொறையும் சொல்லப்போறேன், நாலு பேர் சேந்து நடத்தற சின்ன டீம், பேரப் போட்டு அவங்க பொழப்புல கை வெக்க எனக்கு மனசு வரல. நான் கும்பகோணம் பக்கம், கல்யாணமாகி இங்க வந்து 12 வருஷம் ஆச்சு, சனிக்கிழமை சாயங்காலம் தமிழ் கிளாஸ் எடுக்கறேன், அதனால நான் பாத்தது எல்லாம் ஒரு தமிழ் டீச்சர் கண்ணால பாத்ததுதான், அத மனசுல வெச்சுட்டு படிங்க.

சின்ன வயசுல தீபாவளிக்கு கம்பி மத்தாப்பு பிடிச்சு இருட்டுல பேர் எழுதியிருப்போம் இல்ல, மொதல் எழுத்து போட்டு மூணாவது எழுத்துக்கு போறதுக்குள்ள மொதல் எழுத்து காணாம போயிடும், அம்மா தள்ளி நின்னு எழுது தள்ளி நின்னு எழுதுன்னு கத்திட்டே இருப்பாங்க. அதேதான் இது, ஆனா எழுத்து காணாம போகாது, செவுத்துல நிக்கும், ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு ஆள் உயரத்துக்கு நிக்கும். கையில ஒரு பச்சை லேசர் குடுப்பாங்க, டார்ச் மாதிரி பிடிச்சுட்டு தூரத்துல நின்னு செவுத்துல எழுதணும். செவுத்தப் பாத்து ஒரு கேமரா நிக்கும், அது அந்த பச்சைப் புள்ளி எங்க எங்க போகுதுன்னு விடாம பாத்து லேப்டாப்புக்கு சொல்லும், லேப்டாப் அதே வழியில ஒரு பிரஷ் கோடு போடும், அந்தக் கோட்ட ப்ரொஜெக்டர் திரும்ப அதே செவுத்துல அதே எடத்துல கொண்டுவந்து போடும். இது எல்லாம் கண் சிமிட்டற நேரத்துல நடக்கறதால கையிலேந்தே பெயிண்ட் பீய்ச்சி அடிக்கற மாதிரி இருக்கும், கோட்டுலேந்து சொட்டு சொட்டா பெயிண்ட் வடியற மாதிரி கூட காட்டுது. செவுத்துக்கு ஒண்ணும் ஆகாது, ப்ரொஜெக்டர ஆஃப் பண்ணா பழைய செவுருதான்.

கமிட்டில பெரியவங்களுக்கு கிராஃபிட்டின்ற வார்த்தையே பிடிக்கல, கோவில் பக்கத்து செவுத்துல கிறுக்க விடறதான்னு ஒரு தாத்தா நேரா என்கிட்டயே கேட்டுட்டார், அது நியாயமான கேள்விதான். நான் சொன்னேன், தாத்தா, இது வாசல்ல போடற கோலம் மாதிரின்னு நெனச்சுக்குங்க, காலைல போட்டா சாயங்காலத்துக்குள்ள அழிஞ்சுடும், அழியறதுக்காக யாராவது போடாம இருக்காங்களா, போற வர்றவங்க எல்லாம் பாக்கணும்னுதானே வாசல்ல போடறோம்னு. அதுக்கப்பறம்தான் சரின்னார்.

இத மொதல்ல பெருசா பண்ணிக் காட்டினது நியூயார்க்ல இருந்த கிராஃபிட்டி ரிசர்ச் லேப்ன்ற குழு, எவன் ராத்தும் ஜேம்ஸ் பவ்டர்லியும் சேந்து ஆரம்பிச்சது. 2007ல அவங்க நெதர்லாந்துல ராட்டர்டாம் ஊர்ல ஒரு உயரமான கட்டடத்து மேல லேசரால எழுத விட்டாங்க, யார் வேணா வரலாம் யார் வேணா எழுதலாம். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அதுக்கு எழுதின ப்ரோக்ராம அவங்க பூட்டி வெச்சுக்கல, எல்லாரும் எடுத்துக்குங்கன்னு இலவசமா வெளில விட்டுட்டாங்க. அப்படித்தான் உலகம் பூரா அங்கங்க சின்ன சின்ன டீம் இத பண்ண ஆரம்பிச்சாங்க, எங்களுக்கு வந்த டீமும் அந்த வழில வந்தவங்கதான்னு அவங்களே சொன்னாங்க. இங்க போர்ட் லூயிஸ்லயும் 2015 டிசம்பர்ல போர்ல்வி பை லைட்ன்ற வெளிச்ச விழா நடந்தப்போ நான் குடும்பத்தோட போயிருக்கேன், பழைய கட்டடங்க மேல எல்லாம் வெளிச்சம், தெரு பூரா ஜனம், அவ்ளோ அழகு. ஆனா நான் பாத்த வரைக்கும் அன்னிக்கு நாங்க அண்ணாந்து பாத்துட்டு நின்னோம், நம்ம கை எதுலயும் படல. இதுல கை படும், வித்தியாசம் அதுதான்.

இப்ப விழா அன்னிக்கு வருவோம். ஏப்ரல் மாசம் இங்க ஆறு மணி வாக்குல பொழுது சாஞ்சிடும், ஆறரைக்கு நல்லா இருட்டிடும், அந்த வகைல வருஷப்பிறப்பு இதுக்கு ரொம்ப சரியான நேரம், நவம்பர் டிசம்பர்ல வெச்சீங்கன்னா ஏழு மணிக்கு மேல ஆயிடும், கொழந்தைங்களுக்கு தூக்கம் வந்துடும். டீம் நாலு மணிக்கே வந்துட்டாங்க, அது பெரிய நிம்மதி. எங்க ஹாலுக்கு எதிர்ல இருக்கற செவுரு வெளிர் மஞ்சள் சுண்ணாம்பு அடிச்சது, பளபளப்பு இல்லாதது, அதப் பாத்ததும் அவங்களுக்கு சந்தோஷம், பளபளன்னு இருக்கற பெயிண்ட்ல லேசர் பட்டா தெறிக்கும் கேமரா குழம்பிடும்னாங்க. ஒரே பிரச்சனை ஒரு தெரு லைட்டு செவுத்தோட வலது மூலைல நேரா விழுந்துட்டு இருந்துச்சு, அந்த மூலைய விட்டுட்டு மீதி எடத்த மட்டும் கேமராவுக்கு காட்டினாங்க, நாலு மூலையையும் லேப்டாப்ல ஒவ்வொண்ணா அழுத்தி இதுதான் எல்லைன்னு சொல்லணும், அத ஒருத்தர் பொறுமையா மூணு தடவ பண்ணார். இந்த வேலைல அவங்கள கொற சொல்லவே முடியாது.

ஆரம்பிச்சதும் எனக்கு மனசு உடைஞ்சு போச்சு, உண்மையச் சொல்றேன். மொதல் ஒரு மணி நேரம் அவங்க ஏற்கனவே செஞ்சு வெச்சிருந்த படங்கள ஓட்டினாங்க, லேசர எங்க காட்டினாலும் ஒரு பூ வரும், ஒரு இதயம் வரும், பட்டாசு வெடிக்கும், நடுநடுல அவங்க கம்பெனி முத்திரை வந்து போகும். கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா, முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு காத்தோ பிமா, அதான் இங்கத்த மிளகா போட்ட பருப்பு வடை, வாங்கப் போயிடுச்சு. ஒரு கொழந்த கூட ரெண்டாவது தடவ லேசரக் கேக்கல. பட்டன அழுத்தினா பூ வர்றதுக்கு இவ்ளோ செலவு பண்ணி எதுக்கு கூப்பிடணும், வீட்ல போன்லயே வருமே. நான் போய் டீம்ல ஒரு தம்பிகிட்ட சொன்னேன், இத எல்லாம் எடுத்துடுங்க, வெறும் செவுரு வேணும், ஒரே ஒரு பிரஷ் போதும், அவங்களே எழுதட்டும்னு. அவர் தயங்கினார், வெறும் செவுத்தப் பாத்தா ஜனங்க பயப்படுவாங்க மிஸ், எங்க அனுபவத்துல யாரும் முன்ன வரமாட்டாங்கன்னார். பரவால்ல, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு லேசர நானே வாங்கி 'அ' போட்டேன்.

போட்டதும் எங்க கிளாஸ் பிள்ளைங்க ஓடி வந்துட்டாங்க. அங்கதான் விழாவே ஆரம்பிச்சுது.

இங்க இருக்கற நெலமைய வெளியூர்ல படிக்கறவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். இங்க தமிழர்ங்க வீட்ல பேசறது ஃப்ரெஞ்சுலேந்து வந்த இந்தத் தீவு மொழியான க்ரியோல், கோவில்ல தமிழ், ஸ்கூல்ல ஒரு பாடமா தமிழ், பேர்ல தமிழ், ஆனா எழுதுன்னு பேனாவ நீட்டினா பெரியவங்க நெறைய பேர் கைய பின்னாடி கட்டிப்பாங்க. "மோ பா கொன் எக்ரிர்" அப்படின்னு சொல்லிட்டு சிரிச்சுட்டே நகந்துடுவாங்க, எனக்கு எழுதத் தெரியாதுன்னு அர்த்தம். தப்பா எழுதிடுவோமோ, டீச்சர் பாத்துடுவாங்களோ, பக்கத்து வீட்டுக்காரர் பாத்துடுவாரோன்ற வெக்கம் அது. பேப்பர்ல எழுதினா தப்பு அங்கயே இருக்கும். இந்த செவுத்துல தப்பு நிக்காது, ஒரு பட்டன தட்டினா போயிடும், அதுவும் எல்லாரும் கோணல் மாணலா எழுதறாங்க, லேசர் பிடிச்சா யாருக்குமே கை நடுங்கும், தமிழ் பண்டிதருக்கும் கோணிக்கும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் கோணிக்கும், அதனால யாருக்கும் வெக்கம் இல்ல. இத நான் எதிர்பாக்கவே இல்ல, இதுக்காகவே இந்த சர்வீஸ திரும்ப கூப்பிடுவேன்.

ஒரு பன்னெண்டு வயசுப் பையன் வந்தான், என்ன எழுதறதுன்னு தெரியல, சட்டுனு அப்பா பாக்கெட்லேந்து நூறு ரூபா நோட்ட உருவி, அதுல இருக்கற தமிழ் எழுத்தப் பாத்துப் பாத்து "நூறு"ன்னு செவுத்துல எழுதினான். றூ எழுதிட்டமா று எழுதிட்டமான்னு நோட்ட வெளிச்சத்துல பிடிச்சு பாக்கறான், கூட்டம் பூரா கைதட்டுது. நம்ம மொரீஷியஸ் நோட்டுல தமிழ் இருக்கறது இங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா அது அங்க சும்மா வந்துடல. 1998ல புது நோட்டு அடிச்சப்போ மொழி வரிசைல தமிழ பின்னாடி தள்ளி ஹிந்திய அதுக்கு முன்னாடி போட்டுட்டாங்க, தமிழர்ங்க கொதிச்சுப்போய் எதிர்த்தாங்க, கடைசில அந்த நோட்டுங்கள திரும்ப வாங்கிட்டு 1999ல தமிழ முன்ன வெச்சு வேற நோட்டு விட்டாங்க. அத நேர்ல பாத்த பெரியவங்க ரெண்டு மூணு பேர் அங்க நின்னுட்டு இருந்தாங்க, பையன் எழுதறதப் பாத்துட்டு அந்தக் கதைய அவனுக்கு அங்கயே சொன்னாங்க, க்ரியோல்ல. அவன் கேட்டுட்டே ரெண்டாவது தடவ எழுதினான், இந்த தடவ நோட்டப் பாக்காம.

அப்பறம் ஒரு தாத்தா. இங்க குடும்பப் பேரெல்லாம் அந்தக் காலத்துல ஃப்ரெஞ்சுக்காரங்க காதுல விழுந்த மாதிரி எழுதி வெச்சதுதான், குப்பன் கூப்பன் ஆயிட்டார், முனுசாமி மூன்சாமி ஆயிட்டார், ஆறுமுகம் ஆர்மூகம் ஆயிட்டார். இந்த தாத்தாவுக்கு ஆர்மூகம்தான் குடும்பப் பேரு. எழுபது வயசுக்கு மேல இருக்கும், பேத்தி கைய பிடிச்சு இழுத்துட்டு வந்துச்சு. நான் ஒரு அட்டைல ஆறுமுகம்னு எழுதிக் காட்டினேன், ஆறு முகம் தாத்தா, முருகனோட ஆறு முகம், உங்க பேருக்கு அதான் அர்த்தம்னு சொன்னேன். அவர் காவடி எடுக்கறவர், வருஷா வருஷம் எடுக்கறவர், முருகன் பேருன்னு தெரியும், ஆனா அதுக்குள்ள ஆறு இருக்கு முகம் இருக்குன்னு யாரும் பிரிச்சு சொன்னதில்லன்னார். 'ஆ' அவருக்கு வரவே இல்ல, அந்த சுழி போட்டு கீழ எறங்கி திரும்பற எடத்துல லேசர் எங்கயோ போயிடுது, நாலு தடவ அழிச்சாங்க, அந்தத் தம்பியும் ஒரு தடவ கூட முகம் சுளிக்காம அழிச்சுக் குடுத்தார். அஞ்சாவது தடவ ஆ வந்துடுச்சு. மீதி எழுத்து முடிக்க பத்து நிமிஷம் ஆச்சு, வரிசைல நின்னவங்க ஒருத்தர் கூட சீக்கிரம்னு சொல்லல. முடிச்சுட்டு அவர் லேசர பேத்திகிட்ட குடுத்துட்டு செவுத்துக்குப் பக்கத்துல நடந்து போய் 'மு' மேல கைய வெச்சார், கை மேலயும் எழுத்து விழுந்துச்சு.

இப்ப கொறைங்க. மொதல் கொற புள்ளி. அவங்க சாஃப்ட்வேர் ஃப்ரெஞ்சு இங்கிலீஷ் எழுதறதுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணியிருக்காங்க, லேசர் கொஞ்சமாவது நகந்தாதான் கோடு போடும், ஒரே எடத்துல நிறுத்தினா ஏதோ அழுக்கு வெளிச்சம்னு நெனச்சு விட்டுடும். தமிழ்ல புள்ளி இல்லாம என்ன பண்றது, தமிழ்ன்ற வார்த்தைலயே புள்ளி இருக்கு, அது இல்லன்னா 'தமிழ்'ன்றத 'தமிழ'ன்னுல்ல படிக்கணும். இன்னொண்ணு, எழுத்த முடிச்சுட்டு லேசர அணைச்சு மேல கொண்டுபோய் திரும்ப ஏத்தினா, ரெண்டுக்கும் நடுவுல நேரம் கம்மியா இருந்தா சாஃப்ட்வேர் தானா ஒரு கோட்ட இழுத்து சேத்துடுது, ழ தலைல கொம்பு மொளச்ச மாதிரி ஆயிடுது. தம்பி என்னக் கேட்டார், அந்த புள்ளி அவசியமா மிஸ்னு. ஓலைச்சுவடில எழுதினவங்களும் ஓலை கிழிஞ்சுடும்னு பல எடத்துல புள்ளிய விட்டுட்டுத்தான் எழுதினாங்க, படிக்கறவங்க தடுமாறினாங்க, அந்த நெலம இப்ப நமக்கு எதுக்கு, வேணும்னு சொன்னேன். கடைசில ரெண்டு வழி கண்டுபிடிச்சோம், புள்ளிய புள்ளியா வைக்காம குட்டி வட்டமா சுத்தணும், அதுக்கு முன்னாடி லேசர அணைச்சுட்டு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணணும். பிள்ளைங்க எல்லாம் கோரஸா எண்ண ஆரம்பிச்சுட்டாங்க, ஒவ்வொரு புள்ளிக்கும் கூட்டமே ஒண்ணு ரெண்டு மூணு, தமிழ்ல. தமிழ் விழாவுக்கு கூப்பிடறவங்க இத முன்னாடியே சொல்லி செட்டிங்க மாத்தி எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

ரெண்டாவது கொற பெருசு, இதுல விட்டுக்கொடுக்காதீங்க. லேசர கொழந்தைங்க கையில அப்படியே குடுத்துட்டாங்க. லேசர் சக்தி 1 மில்லிவாட்டுக்குள்ள இருந்தா கண்ணு தானா சிமிட்டிக்கும், தப்பிச்சுக்கலாம், 5 மில்லிவாட்ட தாண்டினா நேரா கண்ணுல பட்டா நெரந்தரமா கெட்டுப்போகலாம், பெரிய செவுத்துல எழுதறதுக்கு எடுத்துட்டு வர்ற லேசர் அத விட சக்தி வாய்ந்ததாத்தான் இருக்கும். வெல கம்மியான பச்சை லேசர்ல கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வேற கசியும், அதனால பாக்க மங்கலா இருக்கறது பத்திரமானதுன்னு சொல்லிட முடியாது. ஒரு பொடியன் திரும்பி ரோட்டுல வர்ற பஸ் பக்கம் காட்டினான், என் உசுரு போயிடுச்சு, ட்ரைவர் கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும். உடனே நிறுத்தச் சொல்லி, ஒரு கேமரா ஸ்டேண்டு மேல லேசர கட்டி, மேல கீழ பக்கவாட்டுல திரும்பும் ஆனா பின்னாடி திரும்பாதுன்ற மாதிரி கயிறு போட்டு, பக்கத்துல ஒரு பெரியவர நிறுத்திட்டோம். சின்னக் கொழந்தைங்களுக்கு வட்டமா வெளிச்சம் விழற பச்சை டார்ச் குடுத்தாங்க, செவுத்துக்கு கிட்ட நின்னா அதுவும் வேலை செஞ்சுது. இது அவங்க மொதல்லயே பண்ணியிருக்க வேண்டியது, சொன்னதும் கேட்டுக்கிட்டாங்கன்றதும் உண்மை.

இதே மாதிரி அவங்க காந்தத்துல ஒட்டற குட்டி லைட்டும் கொஞ்சம் கொண்டு வந்திருந்தாங்க, ஒரு எல்ஈடி, ஒரு பட்டன் பேட்டரி, ஒரு காந்தம் மூணையும் டேப் சுத்தி ஒட்டினது, இரும்பு கேட்டுல தூக்கி எறிஞ்சா ஒட்டிக்கும், இதுவும் அந்த நியூயார்க் குழு கண்டுபிடிச்சதுதான். பாக்க மின்மினிப் பூச்சி மாதிரி ரொம்ப அழகு. ஆனா நான் அத பிள்ளைங்களுக்கு குடுக்க விடல, பட்டன் பேட்டரிய கொழந்த முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து போயிடும், காந்தமும் வயித்துக்குள்ள போகக்கூடாத சாமான். பெரியவங்களே எறிஞ்சாங்க, எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கினோம்.

ஏழரைக்கு தூறல். ஏப்ரல்ல இந்த மேட்டுல தூறாம இருக்குமா. ப்ரொஜெக்டருக்கு மூட எதுவுமே கொண்டு வரல, சமையல்கட்டுலேந்து தார்ப்பாய் எடுத்துட்டு வந்து நாங்கதான் மூடினோம், நாப்பது நிமிஷம் போச்சு, அந்த நேரத்துக்கு காசு கொறைக்கவும் இல்ல. தண்ணிலயே எழுதற மாதிரி ஒரு செவுரு கூட இருக்கு தெரியுமா, அந்தோனின் ஃபூர்னோன்னு ஒரு ஃப்ரெஞ்சு கலைஞர் 2012ல செஞ்சது, ஆயிரக்கணக்கா எல்ஈடி வெச்ச பலகை, ஈரக்கையால தொட்டா, பிரஷ்ஷ தண்ணில நனைச்சு இழுத்தா ஈரம் பட்ட எடமெல்லாம் எரியும், காஞ்சா அணைஞ்சுடும். அதுல லேசர் பயமும் இல்ல, புள்ளியும் விரல் நுனியால அழகா வைக்கலாம். தூறல்ல நின்னுட்டு நான் அதத்தான் நெனச்சேன், ஆனா நம்ம மழைக்கு அந்தப் பலகைல லைட்டு மொத்தமும் தானா எரிய ஆரம்பிச்சுடும், அதுக்கும் மேல கூரை வேணும்.

தூறல் நேரத்துல ஹாலுக்குள்ள ஃபோட்டோ மூலைய போட்டாங்க, அது தனி காசு. லைட்ட அணைச்சுட்டு கேமரா ஷட்டர இருவது முப்பது செகண்டு தொறந்து வெச்சிருப்பாங்க, நாம கையில சின்ன லைட்ட வெச்சுட்டு காத்துல எழுதணும், கடைசில ஒரு ஃப்ளாஷ் அடிச்சு முகத்தையும் பிடிச்சுடுவாங்க. 1949ல யோன் மிலின்ற ஃபோட்டோக்காரர் பிக்காசோவ இப்படித்தான் இருட்டுல லைட்டால படம் போட வெச்சு எடுத்தார், லைஃப் பத்திரிகைக்காக. நாம கேமராவப் பாத்து எழுதறதால ஃபோட்டோவுல எழுத்து இடம் வலம் மாறி கண்ணாடில பாக்கற மாதிரி வரும், அத கம்ப்யூட்டர்ல திருப்பிப் போடுவாங்க. திருப்பினதும் என்ன ஆச்சுன்னா எழுத்து சரியாயிடுச்சு, பின்னாடி தொங்கிட்டு இருந்த எங்க சங்கத்து பேனர் இடம் வலம் மாறிடுச்சு! இருட்டுல பேனர் தெரியாதுன்னு நெனச்சாங்க, ஃப்ளாஷ்ல பளிச்சுனு தெரிஞ்சுடுச்சு, அத கேக்காம அப்படியே பிரிண்ட் போட்டு குடுத்துட்டாங்க, நாப்பது குடும்பம் வீட்ல தமிழ் பேனர் திருப்பி இருக்கற ஃபோட்டோ இருக்கு. ஃபோட்டோ மூலை வேணும்னா பின்னாடி வெறும் கறுப்புத் துணி மட்டும் கட்டச் சொல்லுங்க, இல்லன்னா அந்தக் காச செவுத்துக்கே கூட ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்க, என்னக் கேட்டா ரெண்டாவதுதான் சரி.

என் மனசுல இன்னும் ஆறாத ஒண்ணு இருக்கு. ஒரு பாட்டி பக்கவாதம் வந்து சக்கர நாற்காலில இருக்கறவங்க, வலது கை வராது, இடது கையால லேசர் பட்டன அழுத்திட்டே திருப்ப முடியல. டீம்கிட்ட வேற வழி எதுவும் இல்ல. நான் கேக்கறது பெரிய ஆசைன்னு நெனக்காதீங்க, இதே கிராஃபிட்டிக்காரங்க 2009ல லாஸ் ஏஞ்சலஸ்ல டோனி குவான்னு ஒரு கிராஃபிட்டி கலைஞருக்காக, ஏஎல்எஸ் நோயால உடம்பு மொத்தமும் அசையாம படுத்திருந்தவருக்காக, கண்ணு அசையறத வெச்சே எழுதற ஐரைட்டர்னு ஒரு கருவிய செஞ்சு, அவர் ஆஸ்பத்திரி படுக்கைலேந்து போட்ட கோட்ட ஊருக்குள்ள கட்டடத்து மேல காட்டினாங்க. கண்ணால எழுத முடியும்னா ஒரு இடது கைக்கு தோதா, ஒரு தடவ அழுத்தினா எரிஞ்சுட்டே இருக்கற ஒரு லைட்டு கொண்டுவர முடியாதா. கடைசில பேரன் லேசர பிடிச்சான், பாட்டி அவன் மணிக்கட்ட பிடிச்சு நகத்தினாங்க, "அம்மா"ன்னு எழுதினாங்க. மூணு எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான், அதுக்கும் கூட்டம் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுச்சு.

அப்பறம் வீடியோ விஷயம். மறுநாள் காலைல அவங்க இணையப் பக்கத்துல எங்க பிள்ளைங்க முகம் தெரிய வீடியோ, மூலைல அவங்க முத்திரை, கீழ எங்கள் படைப்புன்னு ஒரு வரி. யார்கிட்டயும் கேக்கல. செவுருக்கு வெளிச்சம் அவங்களோடது, எழுத்து எழுதினவங்களோடது, அந்த ஆறுமுகம் அந்த தாத்தாவோடது. போன் பண்ணி சொன்னேன், அன்னிக்கு சாயங்காலமே எடுத்துட்டாங்க, முகம் தெரியாம செவுரு மட்டும் தெரியற மாதிரி வேற போட்டாங்க. ஒப்பந்தத்துலயே இத ஒரு வரி எழுதி வாங்கிடுங்க.

காசு எவ்ளோன்னு கேட்டவங்களுக்கு, முந்நூறு பேருக்கு வாழையில போட்டு ஏழு கறி சாப்பாடு போடற செலவுல ஏறக்கொறைய பாதி ஆச்சு, ப்ரொஜெக்டர், ஆளுங்க, போக வர எல்லாம் சேத்து. ஃபோட்டோ மூலை அதுக்கு மேல. சின்ன சங்கத்துக்கு பாரம்தான், ரெண்டு மூணு சங்கம் சேந்து ஒரே ராத்திரி எடுத்தீங்கன்னா தாங்கும். நான் அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், லேசர் பத்திரம் மட்டும் மொதல்லேந்து சரியா இருந்திருந்தா மனசார அஞ்சும் குடுத்திருப்பேன்.

கூப்பிடறதா இருந்தா போன்லயே கேக்க வேண்டியத கேட்டுடுங்க, வெறும் செவுரு எத்தன மணி நேரம் குடுப்பீங்க, மழை வந்தா மூடறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க, லேசர் எத்தன மில்லிவாட், ஸ்டேண்டு உண்டா, புள்ளி விழுமான்னு. புள்ளி விழுமான்னு கேட்டா அந்தத் தம்பி இப்ப உடனே விழும் மிஸ்னு சொல்றார், போன வாரம் நானே போன் பண்ணி கேட்டேன். அடுத்த தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி, காவடி கட்டற நேரத்துல, கோவில் பின் செவுத்துல ரெண்டு மணி நேரம் கேட்டிருக்கோம், ஆறுமுகம் தாத்தா இப்பவே அட்டைல 'ஆ' எழுதிப் பாத்துட்டு இருக்கறதா பேத்தி கிளாஸ்ல சொல்லுச்சு.